இடைநிலையில் பிரெஞ்சு

அரபு மத்ரஸாக்கள் சிலவற்றில் பாடத்திட்டத்தை இப்திதாயிய்யா, முதவஸ்ஸிதா, ஆலியா என மூன்று படிகளாகப் பகுத்திருப்பர். முதற்படியில் வந்து சேருவோர் பலர். மூன்றாம் படியிலிருந்து ஸனது பெற்று வெளியேறுவோர் சிலர். இடையே நிகழ்வது யாது என்பதை ஓதிக் கொடுக்கும் உஸ்தாதுமார் நன்கறிவர். மீஸானின் வாய்பாடுகளைத் தலையசைத்து ஒப்பிக்கும் சிறுவனிடம் காணப்படும் துள்ளல், காஃபியாவின் வரிகளுக்கு வந்ததும் எங்கோ மறைந்துவிடுகிறது. தொடக்கத்தில் ஒவ்வொரு நாளும் ஒரு புதுமை கையில் கிடைக்கும். இறுதியில் கிதாபு தானே வாய் திறந்து பேசும். நடுப்படியிலோ புதுமை தீர்ந்திருக்கும், பேச்சும் கேட்டிராது. விடுமுறைக்கு வீடு சென்ற பிள்ளை திரும்பி வராமலே இருந்துவிடுவது பெரும்பாலும் இந்த நடுப்படியில்தான்.

ஐம்பதைக் கடந்த வயதில், புதுச்சேரியில் ஒரு பல்கலைக்கழகத்தின் மாலை நேரப் பிரெஞ்சு வகுப்பில் நாம் சேர்ந்தோம். தொடக்க நிலையில் அமர்வதற்கு இருக்கை தேட வேண்டியிருந்தது. இடைநிலைக்கு வந்தபோது முன்னிரு வரிசைகள் கூட நிரம்பவில்லை. முதவஸ்ஸிதாவின் கதை கடல் கடந்த மொழியிலும் அப்படியே இருக்கிறது!

"அரபும் தமிழும் போதாவா? இந்த வயதில் ஹஜ்ரத்துக்குப் பிரெஞ்சு எதற்கு?" என்று நண்பர்கள் நகைத்ததுண்டு. காரைக்காலிலும் புதுச்சேரியிலும் சில நாட்கள் தங்கிப் பார்த்தோர் இப்படிக் கேட்கமாட்டார்கள். அவ்வூர்கள் 1954ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் இந்திய ஆட்சியின் கைக்கு வந்தன. ஒப்படைப்பு உடன்படிக்கை 1956இல் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்டு 16 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புவோர் 6 மாதங்களுக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றது அவ்வுடன்படிக்கை. எழுதிக் கொடுத்தோர் பிரெஞ்சுக் குடிகளாகவே தொடர்ந்தனர். மற்றோர் இந்தியக் குடிகளாயினர். ஒரு வயிற்றில் பிறந்த அண்ணன் அந்நாட்டவராகவும் தம்பி இந்நாட்டவராகவும் இருக்கும் வீடுகளை நாம் அறிவோம். இவ்வீடுகளின் இரும்புப் பெட்டிகளில் பாட்டனாரின் பிறப்புப் பதிவும், பாட்டியாரின் நிலப்பத்திரமும் பிரெஞ்சுக் கையெழுத்தில் உறங்குகின்றன. வாசிக்கத் தெரிந்தவர் வீட்டில் இல்லை. ஆலிம் என்றால் எல்லா எழுத்தும் அறிவார் என்ற நல்லெண்ணத்தில் அவற்றை நம்மிடம் கொண்டுவந்து நீட்டுவோர் உண்டு. வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பது நமக்குப் பிடிக்கவில்லை. அது ஒரு காரணம். மற்றொரு காரணத்தைப் பின்னர்ச் சொல்லுவோம்.

நம்மவர்க்கும் பிரெஞ்சுக்கும் உள்ள உறவு புதிதன்று. காரைக்கால், நாகூர்ப் பக்கத்து வணிகர்கள் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த சைகோன் நகருக்குச் சென்று கடை வைத்திருந்தனர். அந்நகரின் நடுவே தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் தொழுகையுடன் விளங்குகிறது. அப்பெரியோர் பிரெஞ்சை எந்தப் பல்கலைக்கழகத்திலும் பயிலவில்லை. துணி முழத்தின் மீதும் கணக்குப் புத்தகத்தின் மீதும் பயின்றனர். அவர்கள் காதால் கற்றதைப் பேரர்களாகிய நாம் கண்ணால் கற்க முயல்கிறோம். இந்த வேற்றுமைதான் இடைநிலை வகுப்பில் நம்மைப் படாத பாடு படுத்தியது.

இன்று ஐரோப்பிய மொழிகளைக் கற்பிப்போர் யாவரும் 2001இல் ஐரோப்பிய அவை வெளியிட்ட ஓர் அளவுகோலைப் பின்பற்றுகின்றனர். அதில் 6 படிகள். ஏ1, ஏ2 தொடக்கம். பி1, பி2 இடைநிலை. சி1, சி2 முதிர்நிலை. தொடக்க நிலை மாணவன் தன் பெயரைச் சொல்வான், விலை கேட்பான், வழி கேட்பான். பி1 நிலைக்கு வந்தவனோ தான் கண்டதையும் தனக்கு நேர்ந்ததையும் எடுத்துரைக்க வேண்டும்; கனவுகளையும் ஆசைகளையும் சொல்ல வேண்டும்; ஒரு கருத்தை ஏன் கொண்டிருக்கிறான் என்பதற்குச் சுருக்கமாகவேனும் காரணம் காட்ட வேண்டும். கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகளாக நடக்கும் 'தெல்ஃப்' தேர்வில் ஒவ்வொன்றுக்கும் 25 மதிப்பெண். மொத்தம் 50 பெற்றால் தேர்ச்சி. ஆனால் எந்தப் பகுதியிலும் 5க்குக் கீழே இறங்கக் கூடாது. எழுத்தில் 25 வாங்கிவிட்டுக் கேட்டலில் 4 வாங்கியவன் தேறாதவனே. இவ்விதியை வகுத்தவர் யாராயினும் மொழியின் இயல்பறிந்தவர்.

மத்ரஸாவில் ஓதியவனுக்குப் பிரெஞ்சில் சில சலுகைகள் உண்டு என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். உடன் பயின்ற இளைஞர்கள் பிரெஞ்சு ரகரத்தோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தபோது நமக்கு அதில் சிரமமே இல்லை. அது நாவின் நுனியில் பிறப்பதன்று, தொண்டையில் பிறப்பது. நம் 'ஃகைன்' எழுத்துக்கு உடன்பிறந்தாள் எனலாம். மூக்கொலி பெறும் உயிர்கள் பிரெஞ்சில் உண்டு. தஜ்வீதில் குன்னாவும் இக்ஃபாவும் பழகிய மூக்குக்கு அவை அந்நியமல்ல. 'புவாஸோன்' எனும் சொல்லில் வரும் ஸகரத்தை 'ஸீன்' போல ஒலித்தால் மீன். 'ஸாய்' போல ஒலித்தால் நஞ்சு! இவ்விரண்டையும் பிரித்தொலிக்க இயலாமல் உணவகத்தில் நஞ்சு கேட்கும் மாணவரைக் கண்டு எங்கள் ஆசிரியை சிரிப்பார். சிறு வயதில் மக்ரஜ் திருத்திய உஸ்தாதுக்கு அப்போதெல்லாம் நாம் மனத்தில் துஆச் செய்து கொள்வோம்.

இலக்கணத்தில் சலுகை இன்னும் பெரிது. இடைநிலை வகுப்பின் பெரும் பூதம் 'சுப்ஜொங்க்திஃப்' என்னும் வினைவடிவம். "நீ வருகிறாய்" என்பதற்கு ஒரு வடிவம்; "நீ வர வேண்டுமென நான் விரும்புகிறேன்" என்று சொல்லும்போது அதே வருதல் வினைக்கு வேறொரு வடிவம். விருப்பம், அச்சம், ஐயம், கட்டாயம் ஆகியவற்றின் பின்னே வினை தன் உருவை மாற்றிக் கொள்கிறது. தமிழிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே பழகிய மாணவர்க்கு இது புதிராகத் தோன்றும். நமக்கோ இது முளாரிஃ வினையை நஸ்பு செய்யும் 'அன்' என்னும் இடைச்சொல்லின் பாடமன்றி வேறில்லை. 'தஃதீ' என்பது 'உரீது அன்' என்பதன் பின்னே 'தஃதிய' என்று இறுதி மாறுவதை நாம் பன்னிரண்டு வயதிலேயே ஓதியிருக்கிறோம்.

ஒற்றுமை அத்துடன் நிற்கவில்லை. "அவன் வருகிறான் என எண்ணுகிறேன்" என்று பிரெஞ்சுக்காரர் சொன்னால் சாதாரண வடிவம்; "வருவான் என நான் எண்ணவில்லை" என்றால் சுப்ஜொங்க்திஃப். எண்ணத்தின் உறுதி தளர்ந்ததும் வினையின் வடிவமும் தளர்கிறது. அரபு இலக்கணத்தார் அறிவைக் குறிக்கும் வினைகளுக்குப் பின் ரஃபு என்றும், எண்ணத்தைக் குறிக்கும் வினைகளுக்குப் பின் இரண்டும் ஆகும் என்றும் வகுத்ததை நினைவு கூர்க. ஸூரத்துல் மாயிதாவின் 71ஆம் வசனத்தில், எண்ணுதல் என்னும் வினைக்குப் பின் வரும் சொல்லை, கிராஅத் இமாம்களுள் சிலர் 'தகூன' என்றும் சிலர் 'தகூனு' என்றும் ஓதியிருக்கின்றனர். ஒரு மனிதனின் எண்ணம் எவ்வளவு உறுதியானது என்பதை வினையின் கடைசி உயிரொலியில் நிறுத்துப் பார்க்கும் தராசு இவ்விரு மொழிகளிலும் இருக்கிறது. எங்கோ பிறந்த இரு மொழிகள்! படைத்தவன் மனிதனுக்கு விளக்கம் கற்பித்த விதத்தை எண்ணி ஸுப்ஹானல்லாஹ் என்றோம்.

ஓரிடத்தில் மட்டும் அரபு வழிகாட்டவில்லை. ஆதரவு வைத்தலைப் பிரெஞ்சு மொழி ஐயத்தோடு சேர்க்கவில்லை. "நீ வருவாய் என ஆதரவு வைக்கிறேன்" என்று சொல்லும்போது வினை உறுதி வடிவிலேயே நிற்கிறது. விருப்பத்துக்கு மாறும் வினை, ஆதரவுக்கு மாறுவதில்லை. காரணம் கேட்டதற்கு ஆசிரியை தோளை உயர்த்தி, "வழக்கு அப்படி, மொஸ்யே" என்று முடித்துவிட்டார். பயத்தோடு ஆதரவையும் ஈமானின் இரு சிறகுகள் எனக் கேட்டு வளர்ந்த நமக்கு இவ்வழக்கு மிகவும் பிடித்துப் போயிற்று.

இனி, உடன் பயின்ற இளைஞரைப் பற்றி ஒரு சொல். தமிழகக் கல்லூரிகளில் பட்டப்படிப்பின் முதற்பகுதி மொழியாகத் தமிழையோ அரபையோ இந்தியையோ பிரெஞ்சையோ தேர்ந்து கொள்ளலாம். பிரெஞ்சில் மதிப்பெண் எளிதாக விழும் என்னும் பேச்சு நெடுங்காலமாக உண்டு. நம் சமுதாயப் பிள்ளைகளும் அவ்வழியே சென்று, அரபையும் விட்டுத் தமிழையும் விட்டுப் பிரெஞ்சை எடுக்கின்றனர். நாம் அதைக் குறை கூறவில்லை. இல்மு எந்த மொழியில் இருந்தாலும் இல்முதான். ஆனால் நான்கு பருவத் தேர்வுகள் முடிந்த மறுநாளே அப்புத்தகத்தைப் பழைய கடைக்குப் போட்டுவிடுகிறார்களே, அதைத்தான் நம்மால் பொறுக்க முடியவில்லை. வினைவாய்பாடுகள் எல்லாம் மனப்பாடம். ஒரு செய்தித்தாளின் பத்தி புரியாது. ஒரு மனிதரிடம் நலம் கேட்க நா எழாது. தாய்மொழியின் இலக்கியத்தையும் இழந்து, கற்ற மொழியையும் நடுக்கடலில் கைவிட்டவர்க்குக் கையில் மிஞ்சியது மதிப்பெண் பட்டியல் ஒன்றே.

எங்கள் வகுப்பில் மதிப்பெண்ணைப் பற்றி ஒரு கவலையும் இல்லாத மாணவர் ஒருவர் இருந்தார். எழுபதை நெருங்கியவர்; காரைக்கால்காரர்; கடைசி வரிசையில் தொப்பியும் கண்ணாடியுமாக அமர்ந்திருப்பார். அவரை நாம் மரைக்காயர் நானா என்று அழைப்போம். அவருடைய மகன் பாரீஸ் நகரின் புறத்தே குடியிருக்கிறார். பேத்திக்கு ஏழு வயது. அப்பிள்ளைக்குத் தமிழ் "வாங்க", "சோறு", "போதும்" என்பதோடு நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமைதோறும் கைப்பேசியின் திரையில் பேத்தியின் முகம் தோன்றும். அந்நாட்டுப் பிள்ளைகள் பாட்டனாரை அழைப்பது போல 'பாப்பி' என்று அழைப்பாள். இவர் சிரிப்பார், அவள் சிரிப்பாள், பிறகு இருவருக்கும் பேச ஒன்றும் இராது. "மகன் நடுவில் நின்று மொழிபெயர்ப்பான், ஹஜ்ரத். பேத்தியோடு பேச எனக்கு ஒரு துபாஷ் வேண்டியிருக்கிறது பாருங்கள்" என்று ஒரு நாள் சொன்னார். சொன்னவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அவருக்கு ஒரே ஓர் ஆசை. தம் வாப்பாவின் உம்மா தமக்குச் சொன்ன நபிமார் வரலாறுகளைப் பேத்திக்குத் தம் வாயால் சொல்லிவிட வேண்டும். தொடக்க நிலைப் பாடத்தை முடித்ததும் அது கைகூடிவிடும் என எண்ணியிருந்தார். தொடக்க நிலையில் உள்ளது விலை கேட்கும் பிரெஞ்சு. கதை சொல்லும் பிரெஞ்சு இடைநிலையில்தான் இருக்கிறது. ஏனெனில் கதைக்கு இறந்தகாலம் வேண்டும். பிரெஞ்சில் இறந்தகாலம் ஒன்றன்று.

இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். நடந்து முடிந்த செயலுக்கு 'பஸ்ஸே கொம்போஸே' என்று ஒரு வடிவம். நடந்துகொண்டிருந்த நிலைக்கும் வழக்கமாக நடந்துவந்த செயலுக்கும் 'அம்பர்ஃபே' என்று மற்றொரு வடிவம். அரபு ஓதியோர் முன்னதை 'ஃபஅல' என்றும் பின்னதை 'கான யஃப்அலு' என்றும் கொள்க. தமிழில் 'விழுங்கியது', 'விழுங்கிக்கொண்டிருந்தது' என்போம். கப்பல் சென்றுகொண்டிருந்தது என்பது அம்பர்ஃபே; புயல் எழுந்தது என்பது பஸ்ஸே கொம்போஸே. கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது என்பது முன்னது போலவும், சீட்டுக் குலுக்கிப் போட்டனர் என்பது பின்னது போலவும் வரும். பின்புலத்தை ஒரு வடிவம் விரிக்கிறது. அதன் மீது நிகழ்ச்சிகளை மற்றொரு வடிவம் நாட்டுகிறது. கதை சொல்பவர் மூச்சுக்கு மூச்சு இரண்டுக்கும் இடையே தாவ வேண்டும்.

மரைக்காயர் நானா முதலில் எடுத்துக்கொண்டது யூனுஸ் (அலை) அவர்களின் வரலாறு. நாமும் அவரும் மூன்று மாலைகள் பல்கலைக்கழக வளாகத்து வேப்பமரத்தடியில் அமர்ந்து அதனை வாக்கியம் வாக்கியமாக அமைத்தோம். எந்த வினைக்கு எந்த வடிவம் என்பதில் எள்ளளவும் பிசகில்லை. ஆசிரியையும் பார்த்துச் சரியென்றார். வெள்ளிக்கிழமை வந்தது. நானா கதை சொன்னார். பேத்தி கண்ணிமைக்காமல் கேட்டாள். மீன் வந்தது. மீன் விழுங்கிய இடத்தில் பிள்ளை கலகலவெனச் சிரித்து, "பாப்பி, அந்த மீன் அவரை ஒவ்வொரு நாளும் விழுங்கிக்கொண்டே இருந்ததா?" என்று கேட்டுவிட்டாள்.

எழுத்தில் சரியாகவே இருந்தது. 'அவரை விழுங்கியது' என்பதைப் பிரெஞ்சில் 'லா அவலே' என்பர். 'அவரை விழுங்கிக்கொண்டிருந்தது' என்பதோ 'லவலே'. இடையில் ஓர் அகரம் இரட்டிக்கிறது. இறுதி ஏகாரம் ஒன்றில் சற்று இறுகியும் ஒன்றில் சற்று விரிந்தும் ஒலிக்கிறது. அவ்வளவே! அரபில் 'இல்தகம', 'கான யல்தகிமு' என்ற இரண்டையும் உறக்கத்திலிருப்பவனும் பிரித்தறிவான். தமிழில் இன்னும் நீளம். பிரெஞ்சில் அந்த வேற்றுமை ஒரு மூச்சின் பாதியில் அடங்கியிருக்கிறது. ஏழு வயதுப் பிள்ளையின் காது அதைப் பிடித்துவிடுகிறது. எழுபது வயது நாவு அதை நழுவ விட்டுவிடுகிறது.

இடைநிலை என்பது இதுதான் என்று அன்று நமக்கு விளங்கிற்று. விதி கைக்கு வந்துவிட்டது. செவி இன்னும் வரவில்லை. கையிலுள்ள விதியைக் கொண்டு செவியை வாங்க முடியாது. அதற்கு விலையாகக் கேட்கப்படுவது காலம். நாள்தோறும் கேட்டுக் கேட்டுச் சலிக்கும் காலம். மாணவர் கழன்று கொள்வது இங்கேதான். ஆறு மாதம் படித்தும் முன்னேற்றமே இல்லை என்று அவர்கள் முறையிடுவதில் பொய்யில்லை. கண்ணுக்குத் தெரியும் முன்னேற்றம் தொடக்க நிலையோடு முடிந்துவிட்டது.

செவியைப் பழக்கப் பிரெஞ்சுக்காரர் வைத்திருக்கும் பழைய மருந்து 'தீக்தே'. நம் இம்லாவேதான். ஆசிரியை ஒரு பத்தியை முதலில் முழுமையாக வாசிப்பார். பிறகு சிறு சிறு துண்டுகளாக, காற்புள்ளி முற்றுப்புள்ளி உட்பட வாயால் சொல்லி எழுத வைப்பார். கடைசியில் மீண்டும் முழுமையாக ஒருமுறை. எளிய சடங்கு போலத் தோன்றும் இதில் எத்தனை கண்ணிகள்! எழுதப்படும் எழுத்துகளுள் பாதி ஒலிப்பதில்லை. 'அவர்கள் பேசுகிறார்கள்' என்பதன் இறுதியிலுள்ள மூன்று எழுத்துகளும் ஊமை. அரபில் பன்மை வினையின் வாவுக்குப் பின்னே ஓர் அலிஃபை எழுதி ஒலிக்காமல் விடுகிறோமே, அந்த அலிஃபின் குடும்பம் முழுவதும் பாரீசில் குடியேறிவிட்டது போலும்! பச்சை, கண்ணாடி, புழு, கவிதை அடி, ஒரு திசை நோக்கி என்னும் ஐந்து பொருள்களுக்கும் ஒலி ஒன்றே. எழுத்து நான்கு விதம். ஒலிக்காத மெய், அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் திடீரென உயிர்பெற்று ஒட்டிக் கொள்ளும். நிலைமொழி வருமொழி எனப் புணர்ச்சி பயின்ற தமிழர்க்கு இது வியப்பன்று. ஆனால் சில சொற்களின் முன் ஒட்டவே கூடாது. வீரர்கள் எனச் சொல்ல வந்தவர் அங்கே ஒட்டிச் சொல்லிவிட்டால் பூச்சியங்கள் என்றாகிவிடும். எத்தனையோ வீரர்களின் வரலாற்றை நினைக்கும்போது இதுவும் பொருத்தமே எனத் தோன்றுவதுண்டு.

பூச்சியம் என்றதும் மற்றொன்று நினைவுக்கு வருகிறது. பிரெஞ்சின் 'ஸேரோ' நம் 'ஸிஃப்ர்' என்னும் அரபுச் சொல்லின் பிள்ளை. எண் குறியீட்டைச் சொல்லும் 'ஷீஃப்ர்' அதே தாயின் மற்றொரு பிள்ளை. கடைக்கு அவர்கள் சொல்லும் 'மகஸான்' நம் 'மக்ஸன்'. சர்க்கரை, பஞ்சு, மெத்தை, சுங்கச்சாவடி எல்லாவற்றின் பெயரிலும் அரபு ஒளிந்திருக்கிறது. பாவாடைக்கு வழங்கும் 'ஜூப்', ஆலிம்கள் அணியும் ஜுப்பாவிலிருந்து போனது என்று சொன்னபோது வகுப்பே நம்மைத் திரும்பிப் பார்த்தது. தமிழும் சும்மா இருக்கவில்லை. வெட்டிவேரும் கட்டுமரமும் அப்பெயர்களுடனேயே பிரெஞ்சு அகராதியில் ஏறியிருக்கின்றன. இடைநிலையின் வறட்சியில் இத்தகைய சொற்கள்தாம் நமக்கு நிழல் தந்தன.

கண்ணால் மட்டும் ஒரு மொழியைக் கற்றவரின் நிலையைக் காட்ட ஒரு பழைய சாட்சி உண்டு. எகிப்திலிருந்து 1826இல் பாரீசுக்கு மாணவர் குழு ஒன்று அனுப்பப்பட்டது. அவர்களுக்குத் தொழுகை நடத்தும் இமாமாக உடன் சென்றவர் அல்-அஸ்ஹரில் ஓதிய ரிஃபாஆ தஹ்தாவி. பயில அனுப்பப்பட்டவர் அல்லர். ஆயினும் ஐந்தாண்டுகள் அங்கிருந்து பிரெஞ்சைக் கற்றுத் தேர்ந்து 1831இல் திரும்பினார். தம் பாரீஸ் வாழ்வை அரபில் நூலாக்கி 1834இல் அச்சிட்டார். மறு ஆண்டே கெய்ரோவில் மொழிகளுக்கென ஒரு பள்ளி அவர் முயற்சியால் எழுந்தது. மத்ரஸாவில் ஓதியவர் பிரெஞ்சு பயிலுவதைக் கண்டு நகைப்போர்க்கு இவ்வரலாறு போதும் என எண்ணுகிறோம்.

பாரீசில் அவர் சந்தித்தவர்களுள் ஒருவர் ஸில்வெஸ்தர் த ஸாஸி. ஐரோப்பாவில் அரபுக் கல்விக்கு ஆசானாக விளங்கியவர்; 1810இல் பேரிலக்கணம் ஒன்று வெளியிட்டவர்; நம் மத்ரஸாக்களில் ஓதப்படும் ஹரீரியின் மகாமாத்தை அரபிலேயே உரை வரைந்து 1822இல் பதிப்பித்தவர். அப்பேரறிஞரைப் பெரிதும் புகழ்ந்துவிட்டுத் தஹ்தாவி ஒன்றைச் சேர்க்கிறார்: கையில் கிதாபு இல்லாமல் அவரால் அரபு பேச இயலவில்லை, வாசிக்கும்போதும் அயல் நாட்டவர் ஒலி தெரிந்தது. ஹரீரிக்கே உரை எழுதியவர்க்கு அந்த நிலையென்றால் வேப்பமரத்தடியில் அமர்ந்திருந்த எங்களுக்கு என்ன குறை! மரைக்காயர் நானாவிடம் இதைச் சொன்னபோது, "அவருக்குப் பேத்தி பாரீசில் இல்லையே, ஹஜ்ரத்" என்றார்.

நாம் பிரெஞ்சுக்கு வந்த மற்றொரு காரணம், ஹைதராபாத்தில் 1908இல் பிறந்த டாக்டர் முஹம்மது ஹமீதுல்லாஹ் (ரஹ்) அவர்கள். 1935இல் பாரீசின் ஸோர்போனில் நபி பெருமானார் (ஸல்) அவர்கள் காலத்து இஸ்லாமிய அரசுறவுகளைப் பற்றி ஆய்வு செய்து பட்டம் பெற்றார். பின்னர்ப் பல்லாண்டுகள் பாரீசிலேயே தங்கிப் பணியாற்றி, 2002இல் அமெரிக்காவில் வஃபாத்தானார். அன்னார் ஆக்கிய திருக்குர்ஆன் பிரெஞ்சு மொழிபெயர்ப்பும், அண்ணலாரின் வாழ்வை இரு பெரும் தொகுதிகளில் கூறும் பிரெஞ்சு நூலும் 1959ஆம் ஆண்டில் வெளிவந்தன. நம் நாட்டு மனிதர் ஒருவர் நம் நபியைப் பற்றி எழுதிய நூலை, அவர் எழுதிய மொழியிலேயே வாசிக்க வேண்டுமென்ற வேட்கை நமக்கு இளமையிலிருந்தே உண்டு.

இடைநிலையின் முதற்பருவத்தில் அந்நூலின் ஒரு பக்கத்துக்கு நமக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. சொல்லுக்குச் சொல் அகராதி. ஆங்கிலம் அறிந்த கண் வேறு குறுக்கே வந்து நிற்கும். ஆங்கிலச் சொல் போலத் தோற்றமளித்து வேறு பொருள் தருவன பிரெஞ்சில் ஏராளம். 'லிப்ரெரி' என்றால் நூலகமன்று, புத்தகக் கடை. 'அக்த்யுயெல்மான்' என்றால் உண்மையில் என்பதன்று, தற்போது என்பது. இவற்றைப் 'பொய் நண்பர்கள்' என்றே அவர்கள் அழைக்கின்றனர். ஆயினும் ஊரின் பெயர்களும் ஸஹாபாக்களின் பெயர்களும் வரும்போதெல்லாம் கூட்டத்தில் உறவினரைக் கண்டாற்போல மனம் ஊன்றிக் கொள்ளும். பத்ரு என்று பார்த்ததும் அடுத்து வரப்போவது தெரியும். தெரிந்த வரலாறு தெரியாத மொழிக்குக் கைவிளக்காகிறது. இந்த வழியை மற்றவர்க்கும் சொல்லுகிறோம்: இடைநிலையில் இருப்போர், மனப்பாடமாகத் தெரிந்த ஒரு வரலாற்றை அம்மொழியில் தேடி வாசிக்கட்டும். இப்போது ஒரு பக்கம் அரை மணிக்குள் முடிகிறது, அல்ஹம்துலில்லாஹ்.

அம்மொழிபெயர்ப்பில் நம்மை நிறுத்திய ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. பிரெஞ்சில் 'தூ' என்றால் நீ. 'வூ' என்றால் நீங்கள். ஆங்கிலத்தில் இல்லாத இப்பாகுபாடு தமிழர்க்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆசிரியைக்கு 'வூ', அலுவலர்க்கு 'வூ', அறியாத கிழவர்க்கு 'வூ'. அல்லாஹ்வை அழைக்கும்போதோ 'தூ'. ஆசிரியையை நீங்கள் என்றழைத்து ஆண்டவனை நீ என்றழைப்பது முறையா என்று வகுப்பில் ஓர் இளைஞர் கேட்டார். நாம் மறுமொழி சொல்லத் தேவையே இருக்கவில்லை. "எங்கள் வீட்டிலும் துஆவில் 'யா அல்லாஹ், நீயே' என்றுதானப்பா கேட்போம்" என்று கடைசி வரிசையிலிருந்து மரைக்காயர் நானாவின் குரல் வந்தது.

நானா கேலிக்கு அஞ்சி ஒதுங்கவில்லை. 'லா அவலே' என்பதைப் பேருந்திலும் வுளூச் செய்யும் இடத்திலும் நடைபாதையிலும் சொல்லிக்கொண்டே திரிந்தார். கேட்டவர்கள் என்ன நினைத்தார்களோ! பேத்தி படிக்கும் சிறுவர் கதைப் புத்தகம் ஒன்றை மகனிடம் கேட்டு வரவழைத்தார். அதிலோ மூன்றாவதாக ஓர் இறந்தகாலம் காத்திருந்தது. 'பஸ்ஸே சாம்ப்ல்' எனப்படும் அது எழுத்தில் மட்டுமே வரும்; வாயால் எவரும் பேசுவதில்லை. நம் செய்யுள் வழக்குக்கும் உலக வழக்குக்கும் உள்ள இடைவெளி போன்றது. நானா அதையும் கற்றுக்கொண்டு வந்து பேச, "பாப்பி புத்தகம் மாதிரிப் பேசுகிறார்" என்று பேத்தி தன் உம்மாவிடம் சொன்னாளாம். இதை நானா பாராட்டாகவே எடுத்துக் கொண்டார். நாமும் அப்படியே கருதுகிறோம்.

ஐந்தாவது வாரமோ ஆறாவது வாரமோ, யூனுஸ் (அலை) அவர்களை மீன் ஒரே ஒரு முறை விழுங்கிற்று. பேத்தி சிரிக்கவில்லை. "உள்ளே இருட்டாக இருந்ததா?" என்று கேட்டாள். இருட்டாக இருந்தது என்பது அம்பர்ஃபே. நானாவுக்கு அது உடனே வாயில் வந்தது. மீனின் வயிற்றில் அவர்கள் ஓதிய துஆவை அரபிலேயே சொல்லிக் கொடுத்தாராம்; அது பிள்ளைக்கு முன்பே பாதி தெரிந்திருந்ததாம். நடுவில் மகன் வாய் திறக்கவில்லை என்பதை நானா நம்மிடம் இரண்டு முறை சொன்னார்.

இப்போது அவர் யூஸுஃப் (அலை) அவர்களின் வரலாற்றில் இறங்கியிருக்கிறார். முதல் வாக்கியத்திலேயே தடை. கனவில் பதினொரு விண்மீன்களும் சூரியனும் சந்திரனும் வருகின்றன. பிரெஞ்சில் உயிரற்ற பொருளுக்கும் ஆண்பால் பெண்பால் உண்டு, அரபிலும் உண்டு. அஃறிணை என ஒரே கூடையில் போட்டுவிடும் தமிழின் வசதி இவ்விரண்டிலும் இல்லை. நிலம் இரு மொழிகளிலும் பெண்பால்; நூல் இரண்டிலும் ஆண்பால்; நெருப்பு அரபில் பெண்பால், பிரெஞ்சில் ஆண்பால். "சூரியன் 'லெ'யா 'லா'வா, ஹஜ்ரத்?" என்று கேட்டார். பிரெஞ்சில் 'லெ ஸொலேய்' ஆண்பால். 'லா லூன்', சந்திரன், பெண்பால். அரபில் நேர்மாறாக 'ஷம்ஸ்' பெண்பால், 'கமர்' ஆண்பால் என்றோம்.

நானா பேனாவை மூடிவிட்டுச் சிறிது நேரம் யோசித்தார். "அந்தக் கனவில் சூரியனும் சந்திரனும் தாய் தந்தை அல்லவா? எது வாப்பா, எது உம்மா?" என்றார். சூரியன் தந்தை, சந்திரன் தாய் என்று சொன்ன முஃபஸ்ஸிர்களும் உண்டு, மாற்றிச் சொன்னவர்களும் உண்டு என்றோம். "அப்படியானால் என் பேத்திக்குச் சூரியன் வாப்பாவாகவே இருக்கட்டும், அவள் பாஷையில் அதுதான் இயல்பு" என்று முடிவு செய்தார். பிறகு குறிப்பேட்டைத் திறந்தார். சிறு வயதில் உம்மா கற்பித்த அரபுத் தமிழ் எழுத்திலேயே அவர் பிரெஞ்சு உச்சரிப்பை எழுதிக் கொள்வது வழக்கம். எகரத்துக்கும் ஒகரத்துக்கும் பகரத்துக்கும் அதில் அடையாளம் உண்டல்லவா? வலமிருந்து இடமாக 'லெ ஸொலேய்' என்று எழுதினார். அதன் கீழே பதினொரு விண்மீன்களுக்கு இடம் விட்டார்.